இரண்டு கட்சி வீட்டு மருமகள்

"எமிலியோ போய்விட்டான்" என்று கிறிஸ்பின் சொன்னபோது கம்சாயினியின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை விழவில்லை. பிறகு நினைக்கும்போதெல்லாம் அதுதான் அவளை அதிகம் வெட்கப்படுத்தியது. கோப்பையைப் பத்திரமாக மேசையில் வைத்தாள். சிந்தியிருக்கிறதா என்றுகூடப் பார்த்தாள்.

"எப்போது?" என்றாள்.

"விடியற்காலை. அவன் மகள் லூர்தெஸ், கோயில்காரர் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறாள்."

கிறிஸ்பின் அவளுடைய மாமனார், கணவன் ரொடெலின் அப்பா. மனைவி இறந்த பிறகு பிலிப்பைன்ஸிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து, மகனோடு பிளாட் புஷ் என்ற புறநகரில் இருக்கிறார். போனவர் அவருடைய ஒரே தம்பி எமிலியோ. போன வருடம்தான் மகள் லூர்தெஸ் அவரை இங்கே அழைத்து, பாபடோயிட்டோயில் தன் வீட்டில் வைத்திருந்தாள். காரில் கால் மணி நேர ஓட்டம். இருந்தும் அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

காரணம் காணி இல்லை. நகை நட்டும் இல்லை. கட்சி.

"நான் போக வேண்டும். எல்லோரும் வருவதற்கு முன்னால். என்னைக் கூட்டிக்கொண்டு போகிறாயா, அனாக்?" என்று கேட்டார். அவர்கள் மொழியில் அனாக் என்றால் பிள்ளை. கல்யாணமான நாளிலிருந்து அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார். ஆங்கிலத்தில் பேசும்போதும் அந்த ஒரு சொல் மட்டும் மாறாது.

அவர் உடை மாற்ற மாடிக்குப் போனார். கம்சாயினி அடுப்படியில் அப்படியே நின்றாள்.

சில கிழமைகளுக்கு முன் அந்தப் போன் வந்ததும் இதே இடத்தில்தான்.

மகள் பிரணவியின் அரங்கேற்றத்துக்கு நாலு நாள் இருந்தது. அம்மா செல்வநாயகி பெரிய தாச்சியில் பயத்தம் பணியாரம் பொரித்துக்கொண்டிருந்தா. கம்சாயினியின் இரண்டு கையிலும் மா. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஹலோ என்றாள்.

மறுபக்கம் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு ஒரு கிழவர் குரல். "கூயா கிறிஸ்பின் இருக்கிறாரா? நான் மில்யோ."

கூயா என்றால் அண்ணன். அது அவளுக்குத் தெரியும். மில்யோ என்றால் எமிலியோதான் என்றும் உடனே புரிந்துவிட்டது. அந்தப் பெயரை வீட்டில் எடுக்கவே வேண்டாம் என்று ரொடெல் கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தான்.

"நித்திரை கொள்கிறார். நான் சொல்லட்டுமா?"

"சொல்லு, அனாக். எனக்கு வெளியே வர உடம்பு விடாது. அவரை ஒரு தடவை வந்துவிட்டுப் போகச் சொல்லு. ஒரு விஷயம் மட்டும் பேசவேண்டும்."

"சனிக்கிழமை மகளின் நடன நிகழ்ச்சி இருக்கிறது. அது முடிந்ததும் சொல்கிறேன். சரியா?"

"சரி, சரி. நல்ல பிள்ளை" என்று அந்தக் குரல் சிரித்தது, இருமியது, வைத்துவிட்டது.

"ஆர் பிள்ளை?" என்று அம்மா கேட்டா. கம்சாயினி சொன்னாள்.

"ஐயோ, இப்ப வாய் திறந்து போடாதை. மனுசன் இருதயத்திலை ஸ்டென்ட் வைச்ச ஆள். கேட்டால் ஒண்டில் கொதிக்கும், இல்லாட்டில் அழும். மண்டபம் பிடிச்சு, வாத்தியக்காரரை ஊரிலையிருந்து கூப்பிட்டு, இவ்வளவு சனத்துக்குச் சொல்லியாச்சு. அரங்கேற்றம் முடியட்டும்."

கம்சாயினிக்கும் அதுதான் விருப்பம். அம்மாவின் தலையில் பழியைப் போட முடியாது. அம்மா சொல்லியிருக்காவிட்டாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

அரங்கேற்றம் வடிவாக முடிந்தது. கிறிஸ்பின் முன்வரிசையில் வேட்டி கட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு உருப்படிக்கும் எழுந்து நின்று கைதட்டினார். ஞாயிறு எல்லோருக்கும் அலுப்பு. திங்கள் வேலை. பிறகு ஒருநாள் சொல்ல வாயெடுத்தாள், அப்போது ஒரு கேள்வி வந்து குறுக்கே நின்றது. எப்போது போன் வந்தது என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? ஒரு கிழமைக்கு முந்தி என்று சொல்வது கஷ்டமாக இருந்தது. இரண்டு கிழமை என்பது அதைவிடக் கஷ்டம். இன்று எமிலியோவே இல்லை.

"மம், லோலோ டை எல்லாம் கட்டுறார். இஸ் ஹி ஓகே?" என்று பிரணவி படியில் நின்று கேட்டாள். தாத்தாவை அவள் லோலோ என்பாள்.

"ஓம் குஞ்சு. நீ அம்மம்மாவோடை நில். நாங்கள் போட்டு வாறம்."

பேத்திக்குத் துணையாக வந்திருந்த செல்வநாயகி, கார் வரைக்கும் மகளின் பின்னால் வந்தா.

"அவருக்கு ஒண்டும் சொல்லிப்போடாதை. போனவர் போயிட்டார். இனிச் சொல்லி ஆருக்கு லாபம்?"

"அம்மா, அந்த மனுசன் என்னை நம்பித்தானே போனை வைச்சவர்."

"நீ சொன்னால் ரொடெல் உன்னை மன்னிப்பானே? உன்ரை அப்பாவும் பெரியப்பாவும் எலக்சனிலை வீட்டுச் சின்னம், சைக்கிள் சின்னம் எண்டு அடிபட்டுப் பந்தியிலை பக்கத்திலை இருக்காமல் விட்டவை. அதுக்குள்ளை கை வைச்ச பெண்டுகள்தான் கடைசியிலை கெட்டபேர் வாங்கினது. நான் கண்டது."

கிறிஸ்பின் வெளியே வந்தார். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. ஓர்மிஸ்டன் வீதியில் வாகனங்கள் ஊர்ந்தன. வழக்கமாகக் காரில் ஏறினால் கட்சிக் கதை பேசாமல் இருக்கமாட்டார். இன்றும் பேசினார். ஆனால் சத்தம் இல்லாமல், தனக்குத்தானே சொல்வதுபோல.

"எங்கள் நாசியோனலிஸ்டா கட்சி தொடங்கியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழில். அமெரிக்கர் ஆண்ட காலம். சுதந்திரம் வேண்டும், உடனே வேண்டும். அவ்வளவுதான் கட்சியின் கொள்கை. என் தாத்தா அதில், அப்பா அதில், நான் அதில். நாற்பது வருடத்துக்குக் கிட்ட எங்களை வெல்ல ஆள் இல்லை. கடைசியில் நாற்பத்தாறில் சுதந்திரம் வந்தது. அதே வருடம் எங்கள் ஆட்களே ஒரு பகுதி உடைத்துக்கொண்டு போய் லிபரல் கட்சி என்று பெயர் வைத்தார்கள். எதிரிகள் வெளியிலிருந்து வரவில்லை, அனாக். எங்கள் மேசையில் சாப்பிட்டவர்கள்."

கம்சாயினி இதை நூறு தடவை கேட்டிருக்கிறாள். பத்தாங்காஸ் மாகாணத்தில் அவர் ஊர்க் கிளைத் தலைவராக இருந்ததும், தம்பி கல்லூரிக்குப் போய் லிபரல்காரனாகத் திரும்பி வந்ததும், தேர்தல் காலத்தில் ஒரே வீட்டு வாசலில் இரண்டு கட்சிப் பதாகை தொங்கியதும் அவளுக்கு மனப்பாடம்.

"ஆனாலும் சண்டையில்லை. சாப்பாட்டு மேசையில் கத்துவோம், பிறகு சேர்ந்து சேவல் சண்டை பார்க்கப் போவோம். ஊரில் எல்லோரும் அப்படித்தான். பெரிய தலைவர்களே சட்டை மாற்றுவதுபோலக் கட்சி மாற்றினார்கள். அறுபத்தைந்தில் லிபரல் கட்சிக்கே தலைவராயிருந்தவர் எங்களிடம் வந்து, எங்கள் வேட்பாளராக நின்று, ஜனாதிபதியானார். நான் அவருக்காக வீடு வீடாகப் போனேன். எழுபத்திரண்டில் அவரே இராணுவச் சட்டம் போட்டார்."

அதற்குப் பிறகு அவர் எப்போதும் நிறுத்திவிடுவார். இன்று நிறுத்தவில்லை.

"எதிர்க்கட்சிக்காரர்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். மில்யோ அத்தை வீட்டுத் தேங்காய்க் கொட்டிலில் ஒளிந்திருந்தான். அது குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த இடம். சிப்பாய்கள் நேரே அங்கே போனார்கள். இரண்டு வருடம் முகாமில் வைத்திருந்தார்கள். வெளியே வந்தவன், நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று ஊரெல்லாம் சொன்னான்."

"நீங்கள் இல்லை என்று சொல்லவில்லையா?"

"அவன் என்னிடம் கேட்டானா? கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டான். கேட்காதவனுக்கு நான் ஏன் பதில் சொல்லவேண்டும்?"

அவள் சிக்னலில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதே சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. பச்சை விழுந்தது. காரை எடுத்தாள்.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் கூட்டமில்லை. நீல நிற நீண்ட அறையில் பெட்டி திறந்திருந்தது. எமிலியோ மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டை, கையில் செபமாலை. மூக்கும் நாடியும் கிறிஸ்பினுடையவை, உரித்து வைத்ததுபோல.

கிறிஸ்பின் பெட்டியருகில் வெகுநேரம் நின்றார். அழவில்லை.

"கால் மணி நேர ஓட்டம்" என்று தம்பியைப் பார்த்துச் சொன்னார். "ஒரு போன் எடுத்திருக்கலாம் அல்லவா? ஒரே ஒரு போன். பிடிவாதக்காரா."

கம்சாயினி ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

அப்போது லூர்தெஸ் வந்தாள். ஐம்பதைத் தாண்டிய தாதி. இரவு முழுதும் தூங்காத கண். கம்சாயினியின் கையைப் பிடித்துக் கோப்பி வைத்திருந்த மூலைக்கு அழைத்துப் போனாள்.

"நீதானே கம்சாயினி? அப்பா சொன்னார். குரல் நன்றாக இருந்ததாம், நல்ல பிள்ளையாம். சனிக்கிழமை கழிந்ததும் சொல்வதாகச் சொன்னாயாம்."

"ஓ... ம்."

"அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சவரம் செய்யச் சொன்னார். நல்ல சட்டை போட்டு ஜன்னலருகில் உட்கார்ந்தார். திங்கட்கிழமையும். பிறகு ஒவ்வொரு நாளும். எழும்ப முடியாமல் போன பிறகும் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னார்." லூர்தெஸ் குரலைத் தாழ்த்தினாள். "பெரியப்பாவிடம் மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டார். அப்பாவைக் காட்டிக்கொடுத்தது அவர் ஒளிந்திருந்த வீட்டு அத்தையின் மருமகன். இங்கே வரும் முன்னர்தான், அந்த மனிதன் சாகும்போது ஒப்புக்கொண்டான். ஐம்பது வருடம் அநியாயமாக அண்ணனைத் திட்டிவிட்டேனே என்று அப்பா ஒரு வருடமாக அழுதார். போன் செய்யத் துணிவு வர இவ்வளவு நாள் எடுத்தது."

கம்சாயினி கோப்பிக் கோப்பைகளைப் பார்த்தாள்.

"நீ சொன்னாய்தானே? பெரியப்பாவிடம் சொன்னாய்தானே?"

இதுதான் நேரம். இல்லை, நான் சொல்லவில்லை. மூன்று சொல். ஆனால் லூர்தெஸின் பின்னால் அவளுடைய சொந்தக்காரர்கள் இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கம்சாயினியின் தலை தானாக ஆடியது. ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். லூர்தெஸ் ஓம் என்று எடுத்துக்கொண்டாள்.

"அப்படியென்றால் அவர் வேண்டுமென்றேதான் வரவில்லை" என்றாள் மெதுவாக.

லூர்தெஸ் திரும்பிப் பெட்டியருகில் போனாள். கிறிஸ்பின் அவளைப் பார்த்ததும் கையை நீட்டினார். மூத்தவர் நீட்டும் கையை எடுத்து இளையவர் நெற்றியில் ஒற்றிக்கொள்வது அவர்கள் வழக்கம். எத்தனை கோபம் இருந்தாலும் அதை மறுக்கமாட்டார்கள்.

லூர்தெஸ் அந்தக் கையைப் பார்த்தாள். எடுக்கவில்லை. அவரைக் கடந்துபோய் மெழுகுதிரியைச் சரிசெய்தாள்.

கிழவரின் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் அதைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"போவோம், அனாக்" என்றார்.

செத்தவீட்டிலிருந்து வந்தால் குளித்துத் தோயாமல் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்பது கம்சாயினி வளர்ந்த வழக்கம். கிறிஸ்பினுக்கு வேறு. நேரே வீட்டுக்குப் போகக்கூடாது, வழியில் எங்காவது நின்று போகவேண்டும், இல்லாவிட்டால் போனவர் கூடவே வந்துவிடுவார். ஆகவே பெரிய தெருவில் டெய்ரி என்று இங்கே சொல்லும் ஒரு சின்னக் கடை வாசலில் காரை நிறுத்தினாள். இறங்கிப் போய் ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி வந்தாள். அவர் குடிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளை என் கையை எடுக்கவில்லை" என்றார். "அவன் மகளுக்கும் அதையே சொல்லி வளர்த்திருக்கிறான்."

"இல்லை."

"நீ பார்த்தாய்தானே."

"அவர் அப்படிச் சொல்லி வளர்க்கவில்லை. லூர்தெஸ் கையை எடுக்காதது என்னால்." அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். "அவர் போன் எடுத்தார். நம் வீட்டுக்கு. அரங்கேற்றத்துக்கு முந்தி. நான்தான் பேசினேன். உங்களை வரச் சொல்லிக் கேட்டார். நான் சொல்லவில்லை."

மழை முன்கண்ணாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. வைப்பரைப் போடவும் அவளுக்குத் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். நல்ல சட்டையைச் சொன்னாள், ஜன்னலைச் சொன்னாள், அத்தையின் மருமகனைச் சொன்னாள். லூர்தெஸ் கேட்டபோது தலையாட்டியதையும் சொன்னாள். அதைச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வாய் வந்தது. அதைக் கேட்கவும் இது நேரமில்லை என்று அடக்கிக்கொண்டாள்.

கிறிஸ்பின் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"போனில் என்னை என்னவென்று சொல்லிக் கேட்டான்?"

"கூயா கிறிஸ்பின் இருக்கிறாரா என்று கேட்டார்."

"கூயா என்றா?"

"ஓம். கூயா என்று."

அவர் போத்தலை மடியில் வைத்தார். முகம் கோணியது. தம்பிக்காக ஐம்பது வருடமாக அழாத மனிதர், டெய்ரி வாசலில், ஐஸ்கிரீம் விளம்பரப் பலகைக்கு எதிரே, தோள்கள் குலுங்க அழுதார். கம்சாயினி அவரைத் தொடப் போனாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

கொஞ்சம் தணிந்த பிறகு சொன்னார்: "எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. நிறைய இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய்."

"தெரியும்."

"ஆனால் அவன் இந்த ஊருக்கு வந்தது எனக்கும் ஒரு வருடமாகத் தெரியும். நம் வீட்டிலும் போன் இருந்தது. முதலில் பிரிந்து போனவர்கள்தான் முதலில் வரவேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பேச்சுக்குப் பேச்சு கட்சி, கட்சி. அந்தக் கட்சிகளின் தலைவர்கள் எத்தனை தடவை கட்டிப்பிடித்துப் படம் எடுத்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும்தான் பிடித்த பிடியை விடவில்லை."

மூக்கைத் துடைத்துக்கொண்டார். "காரைத் திருப்பு."

"நேரே வீட்டுக்குத்தான் போகக்கூடாது என்றீர்கள். திரும்பி அங்கேயே..."

"அவன் கூட வந்தால் வரட்டும். திருப்பு."

இந்த முறை கம்சாயினி முன்னால் நடந்தாள். லூர்தெஸ் பெட்டியருகில் உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர்கள் இப்போது ஏழெட்டுப் பேர். கம்சாயினி அவர்கள் எல்லோர் முன்னாலும் நின்று, "நான் அவரிடம் சொல்லவில்லை. நீங்கள் கேட்டபோதும் பொய்யாகத் தலையாட்டினேன். அவருக்கு இன்று வரைக்கும் ஒன்றும் தெரியாது" என்றாள்.

லூர்தெஸ் எழுந்தாள். கம்சாயினியைப் பார்க்கவே இல்லை. கிறிஸ்பினிடம் போய், கோட்டுப் பைக்குள் இருந்த கையைத் தானே இழுத்தெடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். வைத்தவள் அப்படியே குனிந்து அழுதாள்.

கிறிஸ்பின் மற்றக் கையைத் தம்பியின் மார்பில் வைத்துத் தன் மொழியில் ஏதோ சொல்லத் தொடங்கினார். நீண்ட பேச்சு. இடையிடையே கோபப்பட்டார். ஒரு இடத்தில் சிரித்தார். கம்சாயினிக்கு விளங்கியது "மில்யோ" என்ற பெயர் மட்டும்தான். அவள் சுவரோடு ஒதுங்கி நின்றாள். யாரும் அவளைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

மாலையாகும்போது அவர் அவளிடம் வந்தார்.

"ஒன்பது நாள் செபம் இருக்கிறது. நான் மில்யோவின் அறையில் இருக்கப் போகிறேன். என் மருந்தையும் இரண்டு சட்டையையும் அனுப்பிவிடு."

"ஒன்பது நாள் முடிந்ததும் நான் வந்து கூட்டிக்கொண்டு போகவா?"

அவர் யோசித்தார். "அது எனக்கு இன்னும் தெரியாது" என்றார். அனாக் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செல்வநாயகி கதவைத் திறந்தா. மகளுக்குப் பின்னால் யாரும் வராததைக் கண்டா.

"சொல்லிப்போட்டியே?"

"ஓம் அம்மா."

அம்மா திட்டுவா என்று எதிர்பார்த்தாள். அம்மா திட்டவில்லை. கதிரையில் பொத்தென்று இருந்து, "அரங்கேற்றம் முடியட்டும் எண்டு நான்தானே சொன்னனான்" என்றா. "அதையும் சொன்னியே?"

"இல்லை. அது தேவையில்லை."

"ரொடெலுக்குச் சொல்லேக்கை சொல்லு. ஏச்சை ரெண்டு பேருக்கும் எண்டு சேர்த்துக் குடுக்கட்டும்."

கம்சாயினி குளித்தாள். தலையில் தண்ணீர் விழ விழ நின்றாள். மாடிக்குப் போய் மாமனாரின் மருந்துப் பெட்டியையும், சட்டைகளையும், வாசிக்கும் கண்ணாடியையும் ஒரு பையில் வைத்தாள். அறை வெறுமையாக இருந்தது. பேத்தி நடனமாடும் படம் மட்டும் கட்டிலருகில்.

கீழே கராஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஹாமில்டனில் வேலைத்தளத்திலிருந்து ரொடெல் வந்துவிட்டான். சித்தப்பா இறந்த செய்தி மட்டும் அவனுக்குத் தெரியும். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இரண்டு படியாகத் தாவி ஏறி வந்தான்.

"லூர்தெஸ் எனக்கு மெசேஜ் போட்டிருக்கிறாள்" என்றான். "உன்னைக் கேட்கச் சொல்லியிருக்கிறாள். வேறொன்றும் எழுதவில்லை. என்ன நடந்தது, கம்சா? அப்பா எங்கே?"

அவள் கையில் பை இருந்தது. அவன் அதைப் பார்த்தான், வெறும் கட்டிலைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"கதவைச் சாத்து, ரொடெல். பிள்ளைக்குக் கேட்கக்கூடாது" என்றாள். அவன் சாத்தவில்லை.

"கேட்கட்டும்" என்றான். "இந்த வீட்டில் யாருக்கு என்ன கேட்கக்கூடாது என்று இனி நீ தீர்மானிக்க வேண்டாம்."

அவனுக்கு எவ்வளவு தெரியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். திறந்த கதவுக்கு வெளியே பிரணவி வந்து நின்றாள். கம்சாயினி மகளைப் போகச் சொல்லவில்லை. முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.